கூடத்தில் வந்து குடியேறிய உலகம்

முன்பெல்லாம் செய்தி என்பது எங்கள் இல்லத்துக்கு நேரம் அறிந்து வரும் விருந்தாளியாக இருந்தது. காலை 7.15-க்கு ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி ஒலிக்கும். அதைக் கேட்டபடியே பள்ளிக்குப் புறப்படுவோம். முற்பகல் பேருந்தில் நாளிதழ் வந்து சேரும். மாலையில் திண்ணையில் அமர்ந்து ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்போம். இரவு 9.15-க்கு இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை, அரை மணி நேரம் அது. முடிந்ததும் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டுப் பாயை விரித்துவிடுவோம்.

அன்றும் போர்கள் நடந்தன. அன்றும் பஞ்சங்கள் வந்தன. 1983-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் இலங்கையில் நம் இனத்தார் பட்ட பாட்டை அந்தச் சிறு பெட்டியின் வழியாகத்தான் கேட்டுக் கலங்கினோம். அடுத்த ஆண்டே எத்தியோப்பியாவில் குழந்தைகள் பசியால் மடிந்த செய்தியையும் அதன் வழியாகவே அறிந்தோம். துயரம் அன்று குறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் செய்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விடைபெற்றுச் சென்றது. அழுவதற்கும் ஆற்றிக்கொள்வதற்கும், நம்மால் ஆவது ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பார்ப்பதற்கும் மறுநாள் காலை வரை நமக்கு நேரம் இருந்தது.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றது. அதற்குள் எங்கள் வீட்டுக்கு வேறு விருந்தாளி வந்துவிட்டிருந்தார். இருபத்து நான்கு மணி நேரமும் பேசுபவர். சாப்பாட்டு வேளையிலும் எழுந்து போகாதவர். படுக்கையறைக்குள்ளும் உடன் வருபவர். அவரை எங்கள் வீட்டில் யாரும் அழைத்து அமர்த்தவில்லை. எப்படியோ வந்து குடியேறிவிட்டார்.

எங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறோம். எங்கள் ஒரே மகள் செவிலியர். கத்தார் நாட்டின் தலைநகரான தோகாவில் பணிபுரிகிறாள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. அவர்களுடைய எட்டு வயது மகன் மட்டும் எங்களுடன் தங்கிப் படித்து வருகிறான்.

எங்கள் நோய் 2020-ஆம் ஆண்டில் தொடங்கியது. நோய் என்றே சொல்வோம். அதற்கு வேறு பெயர் தெரியவில்லை. அந்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் அடைபட்டுக் கிடந்தபோது, மகள் கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தாள். உலகில் இன்று எத்தனை பேர், நாட்டில் எத்தனை பேர், மாவட்டத்தில் எத்தனை பேர் என்று தொலைக்காட்சித் திரையின் அடியில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அச்சமூட்டும் செய்திகளைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஓரிரு முறை குறித்த நேரத்தில் மட்டும் நம்பத் தகுந்த இடத்திலிருந்து தெரிந்துகொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சு மாதத்திலேயே அறிவுரை கூறியிருந்தது. அதை நாங்கள் படித்தோம். மிக நல்ல அறிவுரை என்று கருதி உறவினர் அனைவருக்கும் வாட்சப்பில் அனுப்பினோம். பிறகு மீண்டும் தொலைக்காட்சியின் முன்னே போய் அமர்ந்தோம்!

கொரோனா தணிந்தது, பழக்கம் தணியவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உருசியப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் நிலம் அதிர்ந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. அக்டோபர் 7 அன்று இசுரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர்; அதைத் தொடர்ந்து காசாவின் மீது பொழிந்த குண்டுமழையில் பல்லாயிரவர் மடிந்தனர். 2024 சூலை 30-ஆம் நாள் விடியுமுன், நமக்கு அண்மையிலுள்ள வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணுக்குள் புதைத்தது. இவை அனைத்தையும் நாங்கள் ஒன்றுவிடாமல் பார்த்தோம். எங்களில் கணவர் தொலைக்காட்சிக்குக் காவல். மனைவி கைப்பேசிக்குக் காவல். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் விழித்திருந்து, காலையில் இரவுச் செய்தியைச் சொல்வது வழக்கமாயிற்று.

உறக்கம் கெட்டது. உணவில் விருப்பம் போயிற்று. சிறு சொல்லுக்கும் ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுந்தோம். தோட்டத்தில் களை மண்டியது. சகோதரி மகளின் திருமண அழைப்புக்கு ஒரு வாழ்த்துமடல் எழுதக்கூட மனம் எழவில்லை. உலகம் இவ்வாறு எரியும்போது வாழ்த்தென்ன, விருந்தென்ன என்று தோன்றியது. தொலைக்காட்சியை நிறுத்தலாமே என்று யாரேனும் சொன்னால் கோபம் வந்தது. அங்கே இடிபாட்டின் கீழ் குழந்தை கிடக்கிறது. இங்கே நாம் பார்ப்பதற்குக்கூட மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதா? பார்ப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் கடன் என்று உண்மையாகவே நம்பினோம். அந்த நம்பிக்கைதான் எங்களை நாற்காலியோடு கட்டிப்போட்டது.

2025-ஆம் ஆண்டு சூன் 13 அன்று இசுரேல் ஈரானைத் தாக்கியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவே இல்லை. தோகா, ஈரானுக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர். அதன் அருகில் அமெரிக்காவின் பெரிய விமானப்படைத் தளம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். சூன் 23-ஆம் நாள் இரவு, நம் நேரப்படி பத்து மணி அளவில், அந்தத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. திரையில் தோகாவின் வானமும் அதில் பாயும் நெருப்புக் கோடுகளும் தெரிந்தன. அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கைப்பேசியில் யாரோ தோகா நகரமே எரிவதாக ஒரு காணொளியை அனுப்பினார்கள். அது வேறெங்கோ எப்போதோ எடுத்தது என்பதை மறுநாள்தான் அறிந்தோம். மகளின் எண்ணை அழைத்தோம், கிடைக்கவில்லை. மீண்டும் அழைத்தோம். ஒலியை இன்னும் கூட்டினோம், ஏதோ அந்தப் பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டுவிடும் என்பதைப் போல.

அப்போதுதான் பேரன் எங்கள் பின்னே நிற்பதைக் கண்டோம். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. உறங்கிவிட்டான் என்று எண்ணியிருந்தோம்.

"தாத்தா, அம்மா இருக்கிற ஊருலயா குண்டு போடுறாங்க?" என்றான். பிறகு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, நீங்க அழுவாதீங்க. நான் வேணும்னா டிவியைப் பாத்துக்கிறேன். நீங்க தூங்குங்க" என்றான்.

எட்டு வயதுக் குழந்தை. எங்கள் முறைக்காவலில் மூன்றாவது ஆளாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டான். அன்று அவன் அதைச் சொன்ன விதம் இன்றும் எங்கள் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

நள்ளிரவுக்குச் சற்று முன் மகள் அழைத்தாள். "அம்மா, நான் டியூட்டில இருக்கேன். வானத்துல சத்தம் கேட்டுச்சு, கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். எட்டாம் படுக்கைக்கு டிரிப் மாத்தணும், காலையில பேசுறேன்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. அன்றைய தாக்குதலில் உயிர்ச்சேதம் ஏதுமில்லை. மறுநாளே அந்தப் போர் ஓய்ந்தது. ஆனால் ஏவுகணைகள் பறந்த வானத்தின் கீழே இருந்தவள் மருந்துப் புட்டியை மாற்றப் போய்விட்டாள். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாதுகாப்பாக இருந்த நாங்கள்தாம் விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்தோம். இது எப்படி என்று அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையில் பேரன் கொல்லைப் பக்கமிருந்து ஓடி வந்தான். "மூணு நாளா மதில் மேல கீரையே இல்லை" என்றான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இடுப்பளவு மதில் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் எண்பது வயதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் தனியாக வாழ்கிறார். நாங்கள் அவரை அக்கா என்போம். அவர் நாள்தோறும் விடியற்காலையில் ஒரு பிடி முருங்கைக்கீரையோ, நான்கு பச்சை மிளகாயோ, ஒரு வாழைப்பூவோ மதில் மேல் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் எடுத்துக்கொண்டு, மோரோ குழம்போ அதே இடத்தில் வைப்போம். எத்தனையோ ஆண்டுகளாக நடந்து வரும் கொடுக்கல் வாங்கல் அது. மூன்று நாளாக அது நின்றுபோனதை எங்கள் இருவரில் ஒருவரும் கவனிக்கவில்லை. தெகிரானில் எந்தப் பகுதியில் எப்போது குண்டு விழுந்தது என்பதைக் கேட்டால் சொல்லியிருப்போம்.

கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. கொல்லை வழியாகப் போய்ப் பார்த்தோம். அக்கா கட்டிலில் கிடந்தார். உடல் அனலாய்க் கொதித்தது. உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு நாள் ஊசி வழியாக நீர் ஏற்றிய பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் அக்கா எங்களைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டோம்.

"கூப்பிட்டேன் டீச்சரம்மா. ராத்திரி ரெண்டு தடவ கூப்பிட்டேன். ஒங்க வீட்டு டிவி சத்தத்துல கேக்கல போலிருக்கு. பொண்ணு இருக்கிற ஊருல சண்டைன்னு அதுல சொன்னாங்கள்ல, எனக்கும் கேட்டுச்சு. நீங்களே பதறிக்கிட்டு இருப்பீங்க, இந்த நேரத்துல நான் வேற எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

நாங்கள் பதில் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? எங்கள் கவலையை அவர் கேட்டார். அவர் குரலை நாங்கள் கேட்கவில்லை.

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நம் பகுதித் தென்னந்தோப்புகளின் கதி வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். எங்களிடம் இருந்த பதினொரு தென்னைகளில் ஒன்பது ஒரே இரவில் சாய்ந்தன. அக்காவின் வீட்டு ஓடுகள் அனைத்தும் பறந்துபோயின. அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து தங்கினார். இருபத்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. தொலைக்காட்சி இல்லை, கைப்பேசி உயிரற்றுக் கிடந்தது. எங்கள் வாழ்நாளில் கண்ட பேரழிவு அதுதான். ஆயினும் அந்த இருபத்து மூன்று இரவுகளும் நாங்கள் நன்றாக உறங்கினோம்! பகலெல்லாம் மட்டைகளை வெட்டி அப்புறப்படுத்துவது, கிணற்றில் நீர் இறைப்பது, யார் வீட்டில் அரிசி இல்லை என்று பார்ப்பது, அக்கா விறகடுப்பில் ஆக்கும் கஞ்சியைத் தெருவோடு பகிர்ந்துகொள்வது என்று கைக்கு வேலை இருந்தது. இரவில் உடல் களைத்தது. மனமும் அதனோடு சேர்ந்து ஓய்ந்தது.

அன்று அக்கா படுத்திருந்த அதே கூடத்தில்தான் இன்று உலகத்தின் போர்கள் அனைத்தும் குடியேறியிருந்தன. அவருக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று.

ஆசிரியத் தொழில் பார்த்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் புத்தகத்தில் தேடிப் பார்க்காமல் விட மாட்டார்கள். நாங்களும் தேடினோம். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின்போது குண்டுகள் வெடித்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் அதன் பின் மக்களின் மனநிலையை ஆராய்ந்தார்கள். தொடர்ந்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அச்செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், வெடிப்பு நடந்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிடக் கூடுதலான மனஅழுத்தத்தைத் தெரிவித்தார்கள். மகள் ஏன் நடுங்கவில்லை, நாங்கள் ஏன் நடுங்கினோம் என்பது இதைப் படித்தபோது ஓரளவு விளங்கியது. நடந்த நிகழ்ச்சி நடந்து முடிந்துவிடுகிறது. திரையில் அது முடிவதே இல்லை. நூறு முறை வெடிக்கிறது.

உடலின் இயல்பும் இதற்குக் காரணம். ஆபத்தைக் கண்டால் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகளைக் குருதியில் கலக்கிறது. நெஞ்சு வேகமாய்த் துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, ஓடவோ போராடவோ உடல் ஆயத்தமாகிறது. ஓடிக் களைத்தால் அது தணியும். நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவர் எங்கே ஓடுவார்? யாரோடு போராடுவார்? எழுந்த பதற்றம் வெளியேற வழியின்றி உள்ளேயே சுழல்கிறது. கஜாவின்போது எங்களைக் காத்தது அந்த அரிவாளும் வாளியுந்தான்.

இன்னொரு செய்தியும் எங்களைச் சிந்திக்க வைத்தது. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அது. ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதில் விரும்பியதைப் பசித்தவர்களுக்குத் தருமாறு கேட்டார்கள். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்லப்பட்டவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பசியால் வாடுகின்றனர் என்ற புள்ளிவிவரம் மட்டும் சொல்லப்பட்டவர்கள் 1.14 டாலர் கொடுத்தார்கள். சிறுமியையும் காட்டிப் புள்ளிவிவரத்தையும் சொன்னபோது கொடை 1.43 டாலராகக் குறைந்தது! எண்ணிக்கை பெருகப் பெருக இதயம் விரிவதில்லை, மரத்துப் போகிறது. எல்லாரையும் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருந்த நாங்கள், உண்மையில் யாருக்கும் ஒரு குவளை நீர்கூடக் கொடுக்கவில்லை என்பதை இந்த எண்கள் எங்கள் முகத்துக்கு நேரே காட்டின.

அப்படியானால் செய்தியே வேண்டாம் என்று கதவை மூடிவிடலாமா? பலர் அவ்வாறே செய்கிறார்கள். ஆக்சுபோர்டில் உள்ள ராய்ட்டர்சு ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் கேட்டறிந்ததில், செய்தியைச் சில வேளைகளிலோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-இல் நூற்றுக்கு 29 பேர்; 2025-இல் நூற்றுக்கு 40 பேர். அவர்களை நாங்கள் குறை கூற மாட்டோம்; அந்த அலுப்பை நாங்களும் அறிவோம். ஆனால் மறுபுறம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் குறைந்தது 124 செய்தியாளர்கள் கொல்லப்பட்டதாகப் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டது. உயிரைக் கொடுத்து ஒருவர் அனுப்பும் செய்தியை, காதில் விழாதபடி பொத்திக்கொள்வது முறையாகாது. அதே செய்தியை ஊறுகாய்போல் நாவில் வைத்து நாளெல்லாம் சப்பிக்கொண்டிருப்பதும் முறையாகாது. அது மதிப்போடு கேட்கப்பட வேண்டியது. கேட்டபின் ஏதேனும் செய்யப்பட வேண்டியது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் கண்முன்னேயே இருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2023 அக்டோபரில் போர் தொடங்கியதிலிருந்து, காசாவில் உள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்கு ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசி வந்தார். அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோரின் நலம் கேட்பார். இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பார். ஒருநாள் அவர்கள் பருப்பும் கோழியும் உண்டதாகச் சொன்னதை மகிழ்ச்சியோடு பொதுச் சந்திப்பிலேயே கூறினார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறப்பதற்கு இரு நாள்களுக்கு முன்னரும் அந்த அழைப்பு சென்றது. உலகின் எல்லாத் துயரங்களும் அவருடைய மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் மாலையில் சில நிமிடங்கள் ஓர் இடத்துக்கு, ஒரு குரலுக்கு, ஒரு வேளை உணவைப் பற்றிய கேள்விக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. பெரியவர்களுக்கே அந்த வரம்பு தேவைப்பட்டது என்றால் நாம் எம்மாத்திரம்?

எனவே எங்கள் வீட்டில் சில ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டோம். அவற்றை அறிவுரையாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறோம்.

காலையில் நாளிதழ், மாலையில் அரை மணி நேரம் செய்தி. அதற்குமேல் இல்லை. கூடுமானவரை காட்சியாகப் பார்ப்பதைவிட எழுத்தாகப் படிக்கிறோம். எழுத்து நம் விரைவுக்கு ஏற்ப நடக்கும், காட்சி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கைப்பேசிகள் இரண்டும் இரவு ஒன்பது மணிக்குக் கூடத்து அலமாரிக்குள் போகின்றன. மகள் அழைத்தால் மட்டும் மணி ஒலிக்கும்படி பேரனே அதில் ஏதோ மாற்றி வைத்திருக்கிறான். வரும் காணொளியை, உண்மை என்று உறுதியாகத் தெரியாமல் யாருக்கும் அனுப்புவதில்லை.

பேரன் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்கிறோம்; ஆனால் படங்களைக் காட்டுவதில்லை. குண்டு போடுகிறவர்களைப் பற்றி ஒரு சொல் சொன்னால், காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்கிறவர்களைப் பற்றி இரண்டு சொல் சொல்கிறோம். அவன் தாயும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவள் அல்லவா? அதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைக் கண்டோம்.

தொலைவில் ஒரு துயரம், அருகில் ஒரு துயரம். இவ்விரண்டை மட்டும் எங்களுடையவையாக ஏற்றுக்கொண்டோம். தொலைவுக்குச் சூடானைத் தேர்ந்தோம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்த அந்தப் போரைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது என்று தோன்றியது. ஞாயிறுதோறும் பேரனோடு நிலப்படத்தை விரித்து வைத்து, வெள்ளை நைலும் நீல நைலும் கூடும் இடத்தில் உள்ள கார்த்தூம் நகரையும், ஐந்நூறு நாள்களுக்கு மேல் முற்றுகையில் கிடந்து 2025 அக்டோபரில் வீழ்ந்த எல் பாசர் நகரையும் பார்த்து, வாரச் செய்தியைப் படிக்கிறோம். மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து ஒரு சிறு தொகையை எடுத்து வைத்து, நம்பத் தகுந்த நிவாரணப் பணிக்குச் சேர்ப்பிக்கிறோம். அது கடலில் கரைத்த பெருங்காயம் என்பதை அறிவோம். ஆயினும் இப்போது சூடானைப் பற்றிப் படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறதே அன்றி மரத்துப் போவதில்லை.

அருகில் உள்ளதற்கு எங்கள் தெருவே போதுமானதாக இருந்தது. முதியவர்கள் தனித்து வாழும் வீடுகளை எண்ணிப் பார்த்தோம், ஏழு. பெரும்பாலும் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். காலை நடைக்குப் போகும்போது அந்த ஏழு வாசலிலும் நின்று ஒரு சொல் பேசிவிட்டு வருவது வழக்கமாயிற்று. இருபது நிமிடம் ஆகும். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். காப்பி கொடுத்தால் மறுப்பதில்லை.

நோய் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் இலங்கையைச் சூறையாடி அறுநூறு பேருக்கு மேல் பலிகொண்டபோது, மழை நம் பகுதியிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவு அலமாரியைத் திறந்து கைப்பேசியை எடுத்தோம். மண்ணில் புதைந்த மலையகத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டே நள்ளிரவைத் தாண்டிவிட்டோம். ஒரு மணி இருக்கும். மழையின் ஒலிக்கிடையே எங்களில் ஒருவர், "அக்கா வீட்டு ஓடு ஒழுகுமே" என்றார். மற்றவர் எழுந்து குடையை எடுத்தார். கொல்லைக் கதவைத் திறந்தால், மதிலுக்கு அப்பால் அக்கா அரிக்கேன் விளக்கோடு நின்றிருந்தார்.

"விளக்கு எரியுதேன்னு பாத்தேன். பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே டீச்சரம்மா?" என்று கேட்டார்.

அவரைக் கூடத்துக்கு அழைத்து வந்தோம். கைப்பேசி அலமாரிக்குத் திரும்பிற்று. அவர் அங்கேயே பாயில் படுத்து உறங்கினார். நாங்களும் உறங்கினோம். விடிந்ததும் மற்ற ஆறு வீடுகளுக்கும் போய், எங்கே நீர் புகுந்தது என்று பார்த்து வந்தோம். இலங்கை மக்களுக்காக எங்களால் இயன்றதை அந்த வாரமே சேர்த்து அனுப்பினோம்.

அன்பு வாசகர்களே, உலகின் துயரம் உங்கள் இல்லத்திலும் நாள்தோறும் வந்து கதவைத் தட்டுகிறது என்பதை அறிவோம். அதை உள்ளே விடாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். வரட்டும்; அமரட்டும்; சொல்ல வந்ததைச் சொல்லட்டும். பிறகு எழுந்து வழியனுப்பிவிட்டு, சற்று நேரம் வீட்டில் ஒலியின்றி இருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாரேனும் உங்களை அழைத்துக்கொண்டிருக்கலாம்.

இதை எழுதி முடிக்கும் இவ்வேளையில் காலை ஆறரை மணி. பேரன் கொல்லையிலிருந்து குரல் கொடுக்கிறான். இன்றைக்கு முருங்கைக்கீரையாம்; கூடவே இரண்டு எலுமிச்சம் பழமும் இருக்கிறதாம்.